படத்துக்குக் கீழே ஒரு பெயர்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் வாழைத்தோட்டம், அவ்வளவுதான். மத்தியானம் யார் போனாலும் சோறு உண்டு. அதனால் சுற்றுவட்டாரத்தில் அதைச் சோத்து மடம் என்பார்கள்.

மடத்தை நடத்தியவரை எல்லோரும் அம்மை என்று கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தாறு. குருவைவிடச் சீடன் மூத்தவனாக இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மை படித்திருக்க மாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களிடம் ஊரும் பேரும் கேட்கக் கூடாது. வந்த அன்று எந்த வேலையில் கை வைக்கிறார்களோ, அதுதான் அவர்கள் பெயர். தேங்காய் துருவியவர் தேங்காய்த் தாத்தா. இலை எடுத்துப் போட்டவள் இலைப்பிள்ளை. சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நேராக அடுப்படிக்குப் போய் ரசம் கூட்டினாள். அன்றிலிருந்து அவள் ரசத்தக்கா.

தாணுமாலயன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் காலத்தைக் கழித்தவர். மனசு அடங்கவில்லை என்று மடத்துக்கு வந்தார். வந்த அன்று கூடத்தில் கரண்ட் போயிருந்தது. ஃப்யூஸ் போட்டார். எனவே ஃப்யூஸ் அண்ணாச்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மடத்துக்கு வெளிநாட்டு அன்பர் ஒருவர் கேமரா வாங்கிக் கொடுத்திருந்தார். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போடச் சொல்கிறவர்கள் படம் கேட்பார்கள். படம் எடுக்கும் வேலை தாணுமாலயனுக்கு வந்தது. எடுப்பது சுலபம். அதன் பிறகு கார்டை உருவி, லேப்டாப்பில் செருகி, படங்களை ஏற்றி, ஒவ்வொன்றிலும் தேதி, இடம், யார் பெயரில் சாப்பாடு, படத்தில் யார் யார் என்று எழுதி, மடத்தின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். கம்ப்யூட்டருக்கான வரிசையான கட்டளைகள். கார்டைச் செருகினால் போதும். படங்கள் தாமே இறங்கும். தாமே தேதி வாரியாகப் பிரியும். ஒரு முகத்துக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கொடுத்தால், பிறகு அந்த முகம் எங்கே தெரிந்தாலும் அதுவே பெயரை எழுதும். பழைய படங்களுக்கும் போய் எழுதிவிட்டு வரும். பெயர் படத்துக்கு உள்ளேயும் பதிந்திருக்கும், இணையப் பக்கத்தில் படத்துக்குக் கீழேயும் தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் "படம்: தாணுமாலயன்" என்று ஒரு வரி. ஃப்யூஸ் அண்ணாச்சி என்ற பட்டத்துக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

முதல் தடவை அது பிசகில்லாமல் ஓடி முடித்த அன்று அம்மையிடம் போனார். அம்மை கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மை, இப்போ நான் ஒண்ணுமே செய்யுததில்லை. எல்லாம் தானா நடக்கு. செய்யுதவன் இல்லாம செயல் மட்டும் நடக்கிற நிலைன்னு பெரியவங்க சொல்லுதாங்களே, அது இதுதானா?"

அம்மை சிரித்தார். இன்னொரு அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

"காம்பை மட்டும் தனியா போடுங்க அண்ணாச்சி."

பாராட்டு வராததில் தாணுமாலயனுக்கு மனசு சுணங்கியது. காம்பைத் தனியாகப் போட்டார்.

ஸ்கிரிப்ட் நன்றாக ஓடியது. ஒரே ஒரு குறை. சாப்பாடு போடுகிறவர்களுக்குப் பெயர் இருந்தது. பந்தியில் பரிமாறுகிறவர்களுக்குத் தேங்காய்த் தாத்தா, இலைப்பிள்ளை என்றெல்லாம் எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொருவராக, பேச்சுவாக்கில், பட்டும் படாமலும் உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கி நிரப்பிவிட்டார். வழக்கத்தை மீறுகிறோம் என்று தெரியும். கம்ப்யூட்டருக்காகக் கேட்பது கேட்பதில் சேராது என்று தனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

ரசத்தக்கா மட்டும் பாக்கி. அவள் முகம் வருகிற படத்தில் எல்லாம் "பெயர் இல்லை" என்று சிவப்பில் வந்தது. அவளோ கேமராவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அண்டா மறைவில், ரச ஆவிக்குப் பின்னால், பாதிக் கன்னமாகத்தான் படத்தில் இருப்பாள். பாதிக் கன்னத்துக்கும் சிவப்பு வந்தது. வேலைக்காலம் முழுக்க ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத மனிதர் அவர். பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கிணற்றடியில் கேட்டுவிட்டார்.

அவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி."

"என் வாயிலிருந்து வராதும்மா."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. எந்த மனிதரிடமும் அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு தடவை அடித்தார். சிவப்பு போய்விட்டது. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலைவேளையில் மடத்து ஃபோன் அடித்தது. தாணுமாலயன் எடுத்தார். பேசியவன் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"சார், உங்க இணையப் பக்கத்துல படமெல்லாம் பாத்தேன். மனசு நெறைஞ்சு போச்சு. நானும் ஒரு நேரச் சாப்பாடு போடணும்னு ஆசைப்படறேன்."

"தாராளமா. என்னைக்குப் போடணும்?"

"இன்னைக்கே வர்றேன் சார். பஸ்ல தான் இருக்கேன். மத்தியானப் பந்திக்கு வந்துருவேன்."

"வாங்க, வாங்க."

"அங்க ரசம் ஊத்துறாங்களே, பேரு கூட கீழ போட்டிருந்தீங்க. அவங்க இன்னைக்கு இருப்பாங்கல்ல சார்?"

அவள் பெயர் வெளியே தெரிகிறது என்பது தாணுமாலயனுக்கு அப்போதுதான் உறைத்தது. இருப்பாள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"சரி சார், நேர்ல பேசிக்கலாம்" என்று அந்தக் குரலே ஃபோனை வைத்தது.

லேப்டாப்புக்கு ஓடினார். பக்கத்தைத் திறந்தார். அவள் பெயர் ஒரு படத்துக்குக் கீழே அல்ல, அவள் வந்த நாளிலிருந்து எடுத்த எல்லாப் படத்துக்குக் கீழேயும் இருந்தது. மடத்தின் பெயரும் ஊரும் கூடவே இருந்தன. சாப்பாடு போடுகிறவர்கள் தங்கள் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் முன்பு அப்படிச் செய்து வைத்திருந்தார். வைத்ததை மறந்தும் போயிருந்தார்.

ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிப் படத்தை அழித்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்பினால், அங்கே அவள் பெயர் மறுபடியும் இருந்தது. விட்டுப்போன பெயரைத் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும் என்றும் அவர் கட்டளை எழுதியிருந்தார். நல்ல வேலைக்காரன் போல அது அவர் அழிக்க அழிக்க எழுதிக்கொண்டே வந்தது.

ஸ்கிரிப்டையே நிறுத்த வேண்டும் என்று புத்தியில் படச் சற்று நேரம் ஆனது. நிறுத்தினார். பெயர்ப் பட்டியலை அழித்தார். பக்கத்தையே மூடினார். நிறுத்தியும், அழித்தும், மூடியும் என்ன, பஸ்ஸில் ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

அம்மை சமையற்கட்டில் இருந்தார். தாணுமாலயன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியில் நின்ற ரசத்தக்காவுக்கும் அது கேட்டது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தாள்.

"என் பேரு போட்டிருந்துதா?"

தாணுமாலயன் தலையாட்டினார்.

"பிள்ளை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அவள் தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

"போலீஸுக்கு ஃபோன் போடட்டுமா அம்மை?"

"ரெண்டு தடவை போயிருக்கா. ரெண்டு தடவையும் சமாதானம் பேசி அந்தப் புருஷன்கூடவே அனுப்பி வச்சிருக்காங்க. ரெண்டாவது தடவை போன பிறகுதான் அவளுக்கு இடது காது கேக்காமப் போச்சு."

இதைத் தாணுமாலயன் அறிந்திருக்கவில்லை. மடத்தில் யாரும் கேட்காததைத் தான் ஒருவர்தான் கேட்டோம் என்றும், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றும் அப்போது தோன்றியது.

"காய்கறி ஆட்டோவை ஓட்டுவீங்களா?" என்று அம்மை கேட்டார்.

"ஓட்டுவேன். எங்கே கொண்டுபோய் விடணும்?"

"என்கிட்ட சொல்லாதீங்க."

"அம்மை?"

"அவகிட்ட கேளுங்க. அவளுக்குத் தெரியலேன்னா நீங்க யோசிங்க. திரும்பி வந்தும் என்கிட்ட சொல்லாதீங்க. அந்த ஆள் வந்து கேப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராது."

"நான் வேண்டாம் அம்மை. இலை வாங்கப் போறவரை அனுப்புங்க. இவ்வளவு கெடுத்தவன் நான்."

"நேரமாகுது அண்ணாச்சி."

ஆட்டோவின் பின்புறத்தில், காலிக் கூடைகளுக்கு நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே தாயும் மகளும் படுத்துக்கொண்டார்கள். மலைச்சாலை வளைவில் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் தாணுமாலயன் பார்த்தார். ஜன்னலோரத்தில் இருந்த ஒவ்வொரு ஆணும் அவனாகவே தெரிந்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்திக் கேட்டார்.

"எங்கேம்மா போகணும்? தெரிஞ்சவங்க யாராவது?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரிஞ்ச எல்லா இடமும் அவருக்கும் தெரியும். நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். ஒரு இடம் நினைவுக்கு வந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். எந்த இடம், எந்தத் திசை என்பதெல்லாம் இந்தக் கதையில் கிடையாது.

இறங்கும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவையாவது" என்றாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தாணுமாலயன் திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் மடத்துக்குக் கொண்டுவந்த ஒரு வாழைத்தார். சோற்றை நிதானமாகப் பிசைந்தான். பரிமாறுகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். ரசம் ஊற்ற இலைப்பிள்ளை வந்தாள். அவன் கையை நீட்டி இலையை மறைத்தான்.

சாப்பிட்டு, கை கழுவி, தாணுமாலயனிடம் நேராக வந்தான்.

"சார்தானே தாணுமாலயன்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"படத்துலயே போட்டிருக்கே சார்" என்று அவன் சிரித்தான். ஃபோனை எடுத்துக் காட்டினான். பக்கத்தை மூடினால் என்ன, அவன் முன்பே எடுத்து வைத்திருந்தான். அண்டா, ஆவி, ஆவிக்குப் பின்னால் ஒரு பாதிக் கன்னம்.

"தாலி கட்டுனவன் நான். நானே பாத்திருந்தா இது அவதான்னு சொல்லியிருக்க மாட்டேன். உங்க மிஷின் சொல்லியிருக்கு. எவ்வளவு அருமையான வேலை."

பெங்களூரில் அத்தனை காலம் இருந்தும் அவர் வேலையை யாரும் இப்படி மனதாரப் புகழ்ந்ததில்லை. உடம்பு கூசியது.

"தினமும் அவ பேரை ஃபோன்ல அடிச்சுத் தேடுவேன் சார். ஒரு நாள் விட்டதில்ல. கோயிலுக்குப் போகாத நாள்கூட உண்டு. அன்னைக்கு ஒரு நாள் திடீர்னு வந்துச்சு. எங்க இருக்கா?"

"இங்க நாங்க யார் பேரையும் கேக்குததில்லை."

"அப்ப இதை யாரு எழுதுனது?"

"அது தானா எழுதும். மிஷின்."

"மிஷினுக்கு யாரு சார் சொன்னா?"

அவன் குரல் உயரவே இல்லை. தாணுமாலயனுக்குக் கூடத்துச் சுவர்கள் கிட்டே வருவது போலிருந்தது. இதே கேள்வியை அவர் காலையிலிருந்து தன்னிடம் கேட்டுக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தார். அதை இவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அம்மை வந்தார்.

"இலையை எடுக்கலியா? இங்க அவங்கவங்க இலையை அவங்கவங்கதான் எடுக்கணும்."

அவன் அம்மையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சாமி, நீங்க பொய் சொல்லக் கூடாது. என் பொண்டாட்டி எங்க?"

"எனக்குத் தெரியாது."

அவன் அம்மையின் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பொய் பேசுகிறவர்களை நிறையப் பார்த்தவன் போல. இது பொய் இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தாணுமாலயன் பக்கம் திரும்பினான்.

"இவருக்குத் தெரியும்" என்றான்.

தாணுமாலயன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூடிய வாய்க்குள் அந்த இடத்தின் பெயர் நாக்கின் மேலேயே கிடந்தது. கொஞ்சம் அசைந்தால் வெளியே விழுந்துவிடும் என்று பயந்தார். சொல்லிவிட்டால் இந்தப் பயம் இந்த நிமிடமே தீர்ந்துவிடும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அவன் ஃபோனை உயர்த்தி அவரை ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

"சாரோட முகமும் இருக்கட்டும். அடுத்த வாரம் வர்றேன். அதுக்கு அடுத்த வாரமும் வருவேன். எனக்கு அவசரமில்ல."

இலையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே போனான். வாழைத்தார் கூடத்திலேயே இருந்தது.

தாணுமாலயன் தூணில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார்.

"அம்மை, என்னால முடியாது. என் முகத்திலேயே எழுதியிருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்லிருதேன். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா பாரம் பாதியாகும்."

அம்மை தலையசைத்து மறுத்தார்.

"அப்ப என்னை ஏன் அனுப்புனீங்க? ஒரு பேரை வச்சுக்கத் தெரியாதவன்கிட்ட ஒரு ஊரையே குடுத்துட்டீங்களே."

அம்மை வாழைத்தாரைத் தூக்கிச் சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

"எத்தனை நாளைக்கு அம்மை இது?"

"அவரு தினமும் தேடுவேன்னு சொன்னாருல்லா?"

"ஆமா."

"ஒரு நாள்கூட விட்டதில்லைன்னாருல்லா?"

"ஆமா."

"அப்போ நீங்களும் தினமும் சொல்லாம இருக்கணும். இது தானா நடக்காது அண்ணாச்சி."

தாணுமாலயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.